எவ்வளவு தேறும்?

முதல் தடவை 20 லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். கடைசியில் 11 லிட்டர் கூடத் தேறவில்லை.

இங்கிலாந்தின் டார்பி நகரத்தில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே வீட்டில் பியர் காய்ச்சுவது சட்டப்படி குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை, வெளியே போக முடியாது, ஒரு பெரிய எவர்சில்வர் சட்டி, 4 கிலோ மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லி. 20 லிட்டர் பியர் வேணும், அதனால் 20 லிட்டர் தண்ணி. இன்ஜினியரிங் படிச்சவன் போட்ட கணக்கு இது. வெளியே சொல்லாதீங்க.

தண்ணீர் எங்கே போனது என்று மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து பிழைதிருத்தம் செய்தேன். மால்ட் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 0.9 லிட்டரைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. அங்கேயே மூன்றரை லிட்டருக்கு மேல் காலி. வடிநீரை ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். அதில் கிட்டத்தட்ட 4 லிட்டர் ஆவி. கொதிநிலையிலிருந்து ஆறும்போது நீர் 4 சதவீதம் சுருங்குகிறது, அரை லிட்டர் அதில் போச்சு. அடியில் தங்கிய கசடோடு ஒரு லிட்டருக்கு மேல் கொட்டினேன். நகைக்கடை பில்லில் 'சேதாரம்' என்று ஒரு வரி வருமே, அது நான்கு தடவை வந்திருக்கிறது. நான் ஒரு தடவை கூடக் கூட்டவில்லை.

சரியான வழி பின்னாலிருந்து முன்னால் வருவது. நொதிக்கும் பாத்திரத்தில் 20 லிட்டர் வேண்டுமென்றால், கசடுக்கு ஒன்றரை சேர்த்து 21.5. அது ஆறிய பிறகுள்ள அளவு. சூடாக இருக்கும்போது அதே திரவம் 22.4 லிட்டர். கொதியில் போவது மூன்றரை என்று வைத்தால் 25.9. இவ்வளவு பியருக்கு மால்ட் நாலரை கிலோ வேண்டும், அது குடிக்கிற 4 லிட்டரையும் சேர்த்தால் அடுப்பில் ஏற்றும்போது 30 லிட்டர் இருக்க வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. நிறைய பேர் கொதிச் சேதாரத்தை சதவீதமாகப் போடுவார்கள். அது தப்பு. சட்டியின் வாய் எவ்வளவு அகலம், தீ எவ்வளவு என்பதுதான் ஆவியைத் தீர்மானிக்கும். அதே சட்டி, அதே தீ என்றால் உள்ளே 15 லிட்டர் இருந்தாலும் 30 லிட்டர் இருந்தாலும் மணிக்குப் போவது ஏறக்குறைய அதேதான். என் முதல் முயற்சியில் 4 லிட்டர் போனதற்குக் காரணம் நான் தீயைக் குறைக்காதது. சட்டியின் உள்பக்கம் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கோடு கீறி, ஐந்துக்கு ஐந்து எண் போட்டு வைத்தேன். அடுத்த தடவையிலிருந்து தப்பவில்லை.

அடுத்த கோடையில் அம்மா வந்தார். அரியலூரிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம், பெட்டியில் பாதி கருவாடு. பியர் விஷயத்தை மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். 36 லிட்டர் சட்டியை எந்த வீட்டில் மறைப்பது?

மறைக்க நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, குடித்தே செத்தார். செந்துறைப் பக்கம் இருந்த நிலம் முதலில் போனது, அப்புறம் அத்தையின் நகை, அப்புறம் கல்லீரல். எங்கள் வீட்டில் 'தண்ணி' என்ற சொல்லைச் சும்மா சொல்ல முடியாது. தமிழில் மதுவுக்கும் தண்ணீருக்கும் பேச்சுவழக்கில் ஒரே சொல் எப்படி வந்தது என்று தெரியாது, ஆனால் குடத்தை வைத்துக்கொண்டு 'தண்ணி வந்துருச்சா' என்று கேட்கிற அதே வாயால்தான் 'உங்க மாமன் தண்ணியப் போட்டுட்டு வந்துருச்சா' என்றும் கேட்பார்கள்.

அம்மா திட்டவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துணிப்பையில் கட்டிய மால்ட்டைச் சட்டியிலிருந்து தூக்கி மேலே தொங்கவிட்டிருந்தேன். இனிப்பான, பழுப்பு நிற நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எம்புட்டு ஊத்துன?"

"முப்பது லிட்டரும்மா."

"எவ்வளவு தேறும்?"

"பத்தொம்போது, இருபது."

"பாக்கியெல்லாம்?"

சொன்னேன். கேட்டுவிட்டு, ஒரு தட்டை எடுத்துப் பைமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. "சக்கையில நிக்கிது பாரு. புழிய வேணாமா?" கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதைப்பற்றி அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை.

'எவ்வளவு தேறும்' என்பதை நான் அதுவரை பணத்துக்கும் விளைச்சலுக்கும் மட்டுமே கேட்டிருந்தேன். கடலை காயவைத்து உடைத்தால் எவ்வளவு தேறும், சீட்டு எடுத்தால் கையில் எவ்வளவு தேறும். அன்று இரவுதான் உறைத்தது: தேறல். சங்க இலக்கியத்தில் தெளிந்த மதுவுக்குப் பெயர் தேறல். தேறு என்றால் தெளிவது. கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்து நிற்பது. கழித்தது போக மிஞ்சுவது. அம்மாவின் கேள்வியும் அந்தப் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

மற்ற பெயர்களையும் எடுத்துப் பார்த்தேன். அரியல்: அரிப்பது, சலித்து வடிப்பது. அரிசியில் கல் அரிப்பதும், அரிக்கஞ்சட்டியும் அதே அரிதான். பிழி: பிழிந்து எடுத்தது. அரித்தது, பிழிந்தது, தெளிந்தது. இந்த மூன்றும் பூவையோ ஊரையோ கடவுளையோ வைத்துக் கட்டிய பெயர்கள் அல்ல. ஒரு வேலையின் மூன்று கட்டங்கள். என் கணக்குத் தாளில் சக்கை, பிழிதல், கசடு என்று மூன்று வரிகள் இருந்தன. மூன்றும் தண்ணீர் பிரிகிற இடங்கள். பெயர் வைத்த ஆட்கள் காய்ச்சின ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். குடித்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டிருக்காது.

இந்தச் சந்தேகத்தோடு பெரும்பாணாற்றுப்படையைத் திறந்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, தலைவன் தொண்டைமான் இளந்திரையன். பரிசில் தேடிப் போகிற பாணனுக்கு வழியில் எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வருகிறது பாட்டு. வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது, சுட்ட மீனோடு கிடைக்கிற கள்ளைச் சொல்ல வந்தவர் அதன் செய்முறை முழுவதையும் சொல்லிவிடுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாய் அகன்ற தட்டுப்பாத்திரத்தில் பரப்பி ஆற்றுகிறார்கள். அதில் பாம்பு குடியிருக்கும் புற்றின் உள்ளே இருக்கும் கரையான் கூட்டைப் போலத் தோன்றும் 'நல்லடை'யைக் கலக்கிறார்கள். இது நெல்முளையை இடித்தது என்று உரைகள் விளக்குகின்றன. இரண்டு பகலும் இரண்டு இரவும் விடுகிறார்கள். வலுவான வாயுள்ள சாடியில் முற்ற வைக்கிறார்கள். பிறகு அரித்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள்.

நெல்முளை என்றால் மால்ட். பனங்கள்ளில் சர்க்கரை தானாகவே இருக்கிறது, காய்ச்ச வேண்டியதில்லை. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைக்க ஒரு நொதி வேண்டும், முளைவிடும் தானியத்தில் அது இருக்கிறது. முளையைச் சேர்த்து மாவுச்சத்தை உடைத்து நொதிக்கவைத்தால் அதன் பெயர் பியர். ஆகவே இது அரிசி பியர், வீட்டில் காய்ச்சியது. வீட்டில் காய்ச்சியதற்குத் தோப்பி என்று தனிப்பெயரே அதே பாட்டில் வேறொரு இடத்தில் வருகிறது.

நான் எழுந்து நின்றுவிட்ட இடம், அந்த ஆற்றுகிற இடம். கொதிக்கும் களியில் முளையைப் போட்டால் நொதி வெந்து செத்துவிடும். எனக்கு 65 டிகிரிக்குப் பக்கத்தில் வேலை நடக்க வேண்டும், அதற்காக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கியிருந்தேன். அவர்களிடம் அகன்ற தட்டு இருந்தது. பரப்பு கூடினால் சூடு சீக்கிரம் இறங்கும், ஆவியும் சீக்கிரம் போகும். தண்ணீர் போகவேண்டிய கட்டத்தில் அகல வாய்ப் பாத்திரம், போகக்கூடாத கட்டத்தில் சாடி. பாத்திரத்தை மாற்றுவதே அவர்களின் சேதாரக் கணக்கு. பாட்டில் அளவு இல்லை. ஆனால் ஒரு கட்டமும் விடுபடவில்லை.

இந்தப் பாட்டை நாம் படிக்க முடிவதற்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சிட்டவர் உ.வே. சாமிநாதையர். அவருடைய சிறுவயதில் குடும்பம் அரியலூரில் இருந்தது. அவருக்குத் தமிழில் ருசி ஏற்படுத்தியவர் அரியலூர் சடகோபையங்கார். பிறகு குன்னம், அங்கே சிதம்பரம் பிள்ளை. பிறகு செங்கணம், அங்கே விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம். 'என் சரித்திர'த்தில் இந்த ஊர்களெல்லாம் வருகின்றன. குன்னமும் செங்கணமும் இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டம். என் பள்ளி நண்பர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள், ஒருத்தனுக்கும் இது தெரியாது, எனக்கும் முப்பது வயசு வரை தெரியாது. கள்ளுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஏட்டில் இருந்த அரித்தலையும் பிழிதலையும் ஒரு எழுத்து விடாமல் அச்சுக்குக் கொண்டுவந்தார்.

அரியல், அரியலூர். ஆசை வரத்தான் செய்கிறது. அரி, அதாவது திருமால், இருக்கும் ஊர் என்பதுதான் ஊரில் சொல்லும் விளக்கம். வடித்த கள்ளின் பெயரால் ஊர் என்று நிறுவ என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. காதில் ஒலிப்பது மட்டும்தான், அதை இங்கேயே விட்டுவிடுகிறேன். எங்கள் ஊர் பெயர் விஷயத்தில் ஏற்கனவே போதுமான அளவு குழம்பிய ஊர். 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர் மாவட்டம், 2001இல் அரியலூர் மாவட்டம், 2002இல் மறுபடி பெரம்பலூர், 2007இல் மறுபடி அரியலூர். என் சான்றிதழ்களை வரிசையாக வைத்தால் நான் ஊர் ஊராகச் சுற்றியவன் போலத் தெரியும்.

எண் வேண்டுமென்றால் அர்த்தசாஸ்திரத்துக்குப் போக வேண்டும். நூற்றாண்டுகளாகக் கண்ணில் படாமல் இருந்த அந்த நூலின் ஏடு, தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவரிடமிருந்து மைசூர் நூலகத்துக்குப் போனது. ஷாமசாஸ்திரி 1909இல் அச்சிட்டார். அதில் மதுக் கண்காணிப்பாளர் பற்றிய அத்தியாயத்தில் 'மேதகம்' என்ற அரிசி மதுவுக்கு அளவு இருக்கிறது: தண்ணீர் ஒரு துரோணம், அரிசி அரை ஆடகம், கிண்வம் மூன்று பிரஸ்தம். கிண்வம் என்பது உளுந்து மாவும் அரிசியும் சில மூலிகைகளும் சேர்ந்த நொதிக்கலவை. 4 பிரஸ்தம் ஒரு ஆடகம், 4 ஆடகம் ஒரு துரோணம். எல்லாவற்றையும் பிரஸ்தமாக்கினால் தண்ணீர் 16, அரிசி 2, கிண்வம் 3. அதாவது 5 பங்கு திடப்பொருளுக்கு 16 பங்கு நீர், ஒன்றுக்கு 3.2. என் நாலரை கிலோ மால்ட் கனஅளவில் சுமார் 8 லிட்டர் வரும், தண்ணீர் 30. ஒன்றுக்கு 3.7. கிண்வம் ஈரக்கலவை, கொதிக்கவைப்பதும் வேறு மாதிரி, அதனால் இந்த ஒப்பீட்டைத் தராசில் வைக்கக்கூடாது. இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த அத்தியாயத்தில் உள்ளே போகும் அளவுதான் இருக்கிறது. எவ்வளவு தேறும் என்பது இல்லை. களஞ்சியம் பற்றிய அத்தியாயத்திலோ தானியம் குத்தினால் எவ்வளவு குறையும், வெந்தால் எவ்வளவு பெருகும் என்று வரிவரியாக இருக்கிறது. அதே புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது: விசேஷ நாட்களில் குடும்பத்தார் வீட்டிலேயே வெண்மது காய்ச்சிக்கொள்ளலாம், திருவிழாக்களுக்கு நான்கு நாள் அனுமதி உண்டு. அனுமதியில்லாமல் காய்ச்சினால் தண்டம். அடுப்படியில் நடப்பதை அரசு எட்டிப்பார்ப்பது புதுசு இல்லை.

எட்டிப்பார்த்ததோடு நிற்காமல் சேதாரத்துக்கே எண் குறித்தது பிரிட்டன். 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட்டுக்கு இருந்த வரியை நீக்கி, நொதிக்கப்போகும் வடிநீரின் அளவுக்கும் அடர்த்திக்கும் வரி போட்டார். அதிகாரி அளவுகோலோடு வந்து தொட்டியை அளப்பார். அதன்பிறகு சிந்துவது, கசடாகத் தங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 6 சதவீதம் தள்ளுபடி. ஆறுக்குக் குறைவாக வீணாக்கினால் உங்கள் லாபம், கூடினால் கீழே ஊற்றியதற்கும் வரி. வீட்டில் காய்ச்சுபவர்களும் உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. 1963 பட்ஜெட்டில் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை எடுத்துவிட்டார். அதனால்தான் டார்பியில் நான் கதவைச் சாத்தாமல் காய்ச்ச முடிந்தது.

நம் பக்கம் கதை வேறு மாதிரி போனது. 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம். கள்ளுக்கு மரக்கணக்கில் வரி. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் மாகாணம் முழுக்க. 1971இல் விலக்கு நீங்கியது, சில வருஷங்களில் திரும்ப வந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது, 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதனிடம். கடை திறந்தாலும் மூடினாலும், 1937ஆம் வருஷச் சட்டத்தின்படி வீட்டில் உரிமமில்லாமல் காய்ச்சுவது குற்றம்தான். தோப்பியும் காய்ச்சி வடித்த சாராயமும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

இந்த இடத்தில் என்னை எந்தப் பக்கத்திலும் சேர்த்துவிடாதீர்கள். 'சங்கத்துலயே கள்ளு இருந்துச்சு நண்பா' என்று மூன்றாவது பாட்டிலுக்குப் பிறகு ஆரம்பிக்கிற இலக்கிய நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களிடம் நல்லடை எப்படிச் செய்வது என்று கேட்டால் தெரியாது. காய்ச்சியவர்களின் பாட்டைக் குடித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அது நொதித்த அரிசியில் வந்ததில்லை, தொழிற்சாலை ரசாயனம். பாக்கெட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு தண்ணீர், மிச்சம் என்ன என்று குடித்தவர்களில் யாராலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. அந்த வாரம் அம்மா போனில் மாமாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். வேறொரு வருஷம், வேறொரு சரக்கு, வேறொரு சாவு. அம்மாவுக்கு எல்லாம் ஒன்று. அதை மறுத்துப் பேச நான் முயலவில்லை.

ஆவியாகும் தண்ணீர் உப்பை எடுத்துக்கொண்டு போகாது. 30 லிட்டரில் இருந்த ஜிப்சம் கொதித்தபிறகு குறைந்த நீரில் நிற்கும், ருசி மாறும். டார்பிக்குத் தெற்கே ரயிலில் கொஞ்ச நேரத்தில் பர்ட்டன் வந்துவிடும். 1820களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக வெளிர் பியர் அனுப்பிய ஊர். அதன் புகழுக்குக் காரணம் கிணற்றுநீரில் கரைந்திருக்கும் ஜிப்சம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து அதைப் போலி செய்தார்கள். நானும் கலந்தேன், பாக்கெட்டில் வாங்கி, தேக்கரண்டியால். ஒரு நாள் அந்தத் தூளைக் கையில் வைத்துப் பார்த்தபோது பத்தாம் வகுப்புச் சுற்றுலா ஞாபகம் வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊர்ப்பக்கம் மழை அரித்த செம்மண், சாம்பல் மண் மேடுகள் இருக்கின்றன. பல கோடி வருஷங்களுக்கு முன்னால் கடல் இருந்த தரை. நத்தைக் கல் பொறுக்கப் போனோம். காலடியில் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது எல்லாம் ஜிப்சம்.  பர்ட்டன்காரர்களின் பொக்கிஷத்தின் மேல் செருப்புக் காலோடு நடந்திருக்கிறேன்.

கணக்கில் நான் சேர்க்காத ஒரு வரி இருந்தது, அதைப் பிடித்ததும் அம்மாதான். கொதித்த சட்டியைச் சீக்கிரம் ஆற்ற வேண்டும். செம்புக் குழாய்ச் சுருளை உள்ளே இறக்கி, குழாய்த் தண்ணீரை அதன் வழியே ஓடவிடுவேன். மறுமுனை கழிவுநீர்த் தொட்டியில். இரண்டாவது வாரம் காய்ச்சியபோது அம்மா பக்கத்தில் நின்று அந்த முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாளியை எடுத்து வந்து கீழே வைத்தார். நிறைந்தது. இன்னொன்று. குளியல்தொட்டி. எல்லாவற்றையும் சேர்த்தால் 70 லிட்டருக்குக் கிட்டே.

"இது ஒன் கணக்குல வரலையா?"

"இது பியர்ல சேராதும்மா. சும்மா சூட்ட எறக்க."

"நம்மூர்ல மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி வுடுறான்."

அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சுடுநீரில் என் போர்வைகளையெல்லாம் துவைத்துப் போட்டார்.

ஊர் திரும்பும்போது அந்தச் சட்டியை விட்டுவர மனசில்லை. உள்ளே துணிகளைத் திணித்து, லக்கேஜாகப் போட்டுக் கொண்டுவந்தேன். நான் இப்போது சென்னையில் இருக்கிறேன், காய்ச்சுவதில்லை. சட்டி அரியலூரில் அம்மாவிடம். தண்ணீர் வரும் நாளில் முதலில் நிரம்புவது அதுதான், மூடி கச்சிதமாக உட்காருவதால் குடிநீருக்கு என்று ஒதுக்கிவிட்டார். உள்ளே என் கோடுகளும் எண்களும் அப்படியே இருக்கின்றன. போன வாரம் போனில் பேசும்போது ஊரில் தண்ணீர் நிலவரம் எப்படி என்று கேட்டேன்.

"இருவத்தஞ்சுக் கோட்டுக்கு நிக்கிது," என்றார். "வியாழக்கெழம வரைக்கும் வரும்."